தினமும் நூறு தடவை "நான் தைரியசாலி" என்று சொல்லியும் பதற்றம் ஏன் குறையவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மூன்று மாதமாகக் காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, "நான் தைரியசாலி, நான் என்னை முழுமையாக நேசிக்கிறேன், எனக்கு எந்தப் பயமும் இல்லை" என்று நூறு தடவை சொல்கிறீர்கள். முதல் பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சொல்லி முடித்த கையோடு மனசு இன்னும் கனத்துப்போகிறது, வேலைக்குக் கிளம்பும்போது வரும் படபடப்பும் அப்படியே இருக்கிறது. எதையாவது தப்பாகச் செய்கிறேனா, இன்னும் அதிகத் தடவை சொல்ல வேண்டுமா, கண்ணாடி அவசியமா, எத்தனை நாளில் பலன் தெரியும் என்று கேட்கிறீர்கள்.

உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. வாக்கியத்தில்தான் இருக்கிறது. பல வருடமாக மனநல ஆலோசனை வேலையில் இருக்கிறேன். இப்படித் தனக்குத்தானே நல்ல வாக்கியம் சொல்லிக்கொள்ளும் அஃபர்மேஷன் பழக்கத்தைச் செய்து பார்த்து அலுத்துப்போய், "இதைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை" என்று அதையும் தன் தோல்விக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தன்மதிப்பு வளரட்டும் என்று ஆரம்பித்த காரியம் இருந்த கொஞ்சத்தையும் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். "எனக்கு எந்தப் பயமும் இல்லை" என்று வாய் சொன்னதும் உள்ளே ஒரு குரல் எழுந்து, "அப்படியா? நேற்று மேலாளர் கூப்பிட்டதும் கை நடுங்கியதே, அது என்ன?" என்று கேட்கும். நீங்கள் இன்னும் அழுத்திச் சொல்வீர்கள். அது இன்னொரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தும். நூறு தடவை சொன்னால் நூறு மறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் தைரியத்துக்குப் பயிற்சி எடுப்பதுபோலத் தெரியும், உள்ளே நடப்பதோ விடிந்ததும் ஒரு வழக்கு, அதில் தினமும் உங்களுக்கு எதிராகவே தீர்ப்பு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். ஊராரிடம் சொல்வதற்கே பொருத்தம் வேண்டியிருக்கிறது, எல்லாம் தெரிந்த சொந்த மனசிடம் பொருந்தாத ஒன்றைச் சொன்னால் அது சும்மா கேட்டுக்கொண்டிருக்குமா?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2009ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் ரொம்பவே பேசப்பட்டது. ஆட்களை உட்காரவைத்து 4 நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். அதில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதல் வேலை: 15 வினாடிக்கு ஒரு தடவை மணி அடிக்கும், அடித்ததும் "நான் நேசிக்கத்தக்க ஆள்" என்று தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்கு அது கொஞ்சம் தெம்பு கொடுத்தது. தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள், அதாவது இது யாருக்குத் தேவை என்று நாம் நினைக்கிறோமோ அவர்கள், சொல்லாமல் சும்மா எழுதியவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தக் கெடுதல் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதனால் அஃபர்மேஷன் என்றாலே ஆபத்து என்று யாரும் பயப்பட வேண்டாம். எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது இன்னொரு பகுதி. அந்த வாக்கியம் எப்படியெல்லாம் உண்மை என்று மட்டும் யோசிக்கும்படி சிலரிடமும், எப்படி உண்மை, எப்படி உண்மை இல்லை என்று இரண்டையும் யோசிக்கும்படி வேறு சிலரிடமும் சொன்னார்கள். தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு இரண்டாவதுதான் ஒத்துப்போனது. மறுப்புக் குரலுக்கும் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டால் அது கத்துவதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கீழே சொல்லப்போகும் வாக்கியங்கள் எல்லாம் அந்த நாற்காலியோடு வருபவைதான்.

இந்தப் பழக்கத்தின் பழைய வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். தினமும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் எமீல் கூவே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் (1857-1926). மருந்து கொடுக்கும்போது அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கொடுத்தால் நோயாளிக்கு அது இன்னும் நன்றாக வேலை செய்வதைக் கவனித்தவர், நான்சி நகரத்தில் மக்களைக் கூட்டிவைத்து, "ஒவ்வொரு நாளும், எல்லா விதத்திலும், நான் மேலும் மேலும் நலமடைந்து வருகிறேன்" என்ற வாக்கியத்தைக் காலையில் எழும்போதும் இரவு தூங்கும் முன்பும் 20 தடவை முணுமுணுக்கச் சொன்னார். எண்ணிக்கை தப்பாமல் இருக்க 20 முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. எண்ணிக்கொண்டிருக்கும் வேலைகூட மூளைக்கு வேண்டாம், விரல் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு.

இதில் இரண்டு விஷயத்தைப் பின்னால் வந்தவர்கள் தொலைத்துவிட்டார்கள். கூவே "நான் நலமாக இருக்கிறேன்" என்று சொல்லச் சொல்லவில்லை, "நலமடைந்து வருகிறேன்" என்றார். முன்னது முடிந்துவிட்டது என்று சாதிப்பது, பின்னது நகர்வது. நகர்கிறேன் என்பதை மறுப்பது உள்குரலுக்குக் கொஞ்சம் கஷ்டம். இரண்டாவது, அவர் மன உறுதியைக் கூட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதை வேண்டாம் என்றார். மன உறுதியும் கற்பனையும் மோதினால் கற்பனைதான் ஜெயிக்கும், முட்டிமோதினால் எதிர்விளைவுதான் வரும் என்பது அவர் வாதம். தூக்கம் வராதவர் தூங்கியே ஆக வேண்டும் என்று முயன்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கூவேயின் முறையில் எல்லா நோயும் தீரும் என்ற ரீதியில் பேசப்பட்டதை நான் ஏற்கவில்லை, ஆனால் இந்த இரண்டு இடத்திலும் மனுஷர் கெட்டிக்காரர்.

சரி, இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். "அஃபர்மேஷன் வேலை செய்கிறது என்று ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள்" என்று ஆள் ஆளுக்குச் சொல்கிறார்களே, அந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவற்றில் யாரும் கண்ணாடி முன் நின்று எதையும் சொல்லவில்லை. கிளாட் ஸ்டீல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988ல் முன்வைத்த சுயஉறுதிப்பாட்டுக் கோட்பாட்டிலிருந்து கிளைத்தவை அவை. அதில் செய்யச் சொல்வது முற்றிலும் வேறு. உங்கள் வாழ்க்கையில் உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமானது எது, நட்பா, நேர்மையா, இசையா, பிள்ளைகளா, கற்றுக்கொள்வதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் முக்கியம், அதன்படி எப்போது நடந்துகொண்டீர்கள் என்று பத்துப் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும், அவ்வளவுதான். பேர் ஒன்று, சரக்கு வேறு. மேலே உள்ள ஒட்டுச்சீட்டை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

இப்படித் தங்களுக்கு முக்கியமானதை நினைத்துப் பார்த்த பிறகு அழுத்தம் தரும் சோதனைக்கு உட்படுத்தப்பட்டவர்களின் உடலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் மற்றவர்களைப் போல ஏறவில்லை என்று டேவிட் கிரெஸ்வெல் குழுவினர் 2005ல் காட்டினார்கள். அடுத்த வருடமே ஜெஃப்ரி கோஹன் குழுவினர், அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இதேபோல எழுதவைத்ததில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்ததாக வெளியிட்டார்கள். மற்ற இடங்களில் முயன்றபோது சில இடங்களில் பலித்தது, சில இடங்களில் பலிக்கவில்லை. மந்திரக்கோல் ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் இது பலருக்கு உதவுகிறது என்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான். அலுவலகத்தில் ஒரு தப்பு நடந்தால் பதற்றம் உள்ள மனசு "வேலையில் தப்பு" என்று நிறுத்தாது, "நானே தப்பு" என்று முடித்துவிடும். வாழ்க்கையின் மற்ற அறைகளும் இருக்கின்றன, அங்கே விளக்கு எரிகிறது என்று நினைவுக்கு வந்தால், இந்த ஓர் அறையின் இருட்டு அந்த அளவுக்குப் பயமுறுத்தாது. உங்களை நீங்கள் புகழவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மறுத்துப் பேச அங்கே எதுவுமே இல்லை.

அதனால் நான் உங்களுக்குச் சொல்லும் முதல் மாற்றம் இதுதான். நூறு தடவை சொல்லும் அந்த நேரத்தில் வாரத்துக்கு இரண்டு நாளை எடுத்து, ஒரு தாளில் கையால் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம், யாரும் படிக்கப் போவதில்லை. "நான் நல்லவன்" என்று பொதுவாக எழுதாமல் குறிப்பாக எழுதுங்கள்: உடம்பு முடியாத நண்பருக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது, யாரும் பார்க்காதபோதும் கணக்கைச் சரியாக முடித்துக் கொடுத்தது, புரியாத பாடத்தைத் தம்பிக்கு நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தது. பெரிய நேர்முகத்தேர்வோ, பேச வேண்டிய கூட்டமோ வருகிறது என்றால் அதற்குக் கொஞ்சம் முன்னால் எழுதுவது இன்னும் நல்லது. ஒரே ஒரு நிபந்தனை, எந்த விஷயம் உங்களைப் பயமுறுத்துகிறதோ அதைப் பற்றி எழுதாதீர்கள். வேலைதான் பயம் என்றால் வேலையைத் தவிர்த்த வேறொன்று.

இப்போது வாக்கியத்துக்கு வருவோம், ஏனென்றால் வாய்விட்டு ஒன்றைச் சொல்லிக்கொள்வதும் வேண்டும் என்று பலருக்குத் தோன்றும், அதில் தப்பில்லை, படபடப்பு வரும் நேரத்தில் தாளும் பேனாவும் கையில் இருக்காது. ஒரு வாக்கியம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மெதுவாக ஒரு தடவை சொல்லிவிட்டு, மூன்று வினாடி வாயை மூடிக்கொண்டு இருங்கள். உள்ளே "ஆனா..." என்று ஏதாவது கிளம்புகிறதா? கிளம்பினால் வாக்கியம் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த "ஆனா"வை விரட்டாதீர்கள், அதைத் தூக்கி வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

உதாரணமாக "எனக்கு எந்தப் பயமும் இல்லை". உள்ளே வரும் பதில், "ஆனா காலையிலேயே நெஞ்சு அடித்துக்கொள்கிறதே". அப்படியானால் புது வாக்கியம்: "நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இருந்தாலும் கிளம்பத்தான் போகிறேன், இதற்கு முன்னாலும் இப்படித்தான் கிளம்பியிருக்கிறேன்." இதை யார் மறுக்க முடியும்? மூன்று பகுதியிலும் பொய் இல்லை. "நான் என்னை முழுமையாக நேசிக்கிறேன்" என்பது இன்னும் பெரிய சுமை, பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் வேலை. அதன் இடத்தில் "இன்று ஒரு தப்பு செய்தால் என்னைத் திட்டுவதை ஐந்து நிமிடம் தள்ளிப்போடுவேன்" என்று வைத்துப் பாருங்கள். சிரிப்பாக இருக்கிறதா? சிலரிடம் இதைத்தான் முதலில் கொடுப்பேன், ஏனென்றால் சாயங்காலம் உட்கார்ந்து செய்தோமா இல்லையா என்று சரிபார்க்க முடிகிற வாக்கியம் இது. சரிபார்க்க முடிகிற வாக்கியம் நாலு நாளில் அனுபவமாக மாறும், அந்த அனுபவம்தான் அடுத்த வாக்கியத்துக்குச் சாட்சி.

"நான் தைரியசாலி" என்பதை என்ன செய்வது? குணத்தைச் சொல்லும் வாக்கியங்களில் எல்லாம் இதே சிக்கல்தான். தைரியசாலி என்றால் எப்போதுமே தைரியசாலியாக இருக்க வேண்டும், ஒரு நாள் நடுங்கினாலும் பட்டம் போய்விடும். செயலைச் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. "போன வாரம் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன், குரல் நடுங்கியது, ஆனால் கேட்டேன்." குரல் நடுங்கியது என்ற பகுதியை வெட்டிவிடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார், அசிங்கமாக இருக்கிறதாம். வெட்டவே கூடாது, அந்த வாக்கியத்தின் வலுவே அங்கேதான் இருக்கிறது, நடுங்காமல் கேட்டிருந்தால் அதில் சொல்ல என்ன இருக்கிறது.

கேள்வியாக மாற்றுவதும் ஒரு வழி. இப்ராஹிம் செனாய், டோலோரஸ் அல்பராசின், கென்ஜி நோகுச்சி மூவரும் 2010ல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துப் புதிர்களை அவிழ்ப்பதற்கு முன்னால் "செய்வேன்" என்று எண்ணியவர்களைவிட "செய்வேனா?" என்று தன்னைக் கேட்டுக்கொண்டவர்கள் அதிகப் புதிர்களை அவிழ்த்தார்கள். கேள்விக்கு மனசு பதில் தேடப் போகும், போகும் வழியில் காரணங்களைப் பொறுக்கிக்கொண்டு வரும். ஆனால் ஓர் எச்சரிக்கை, பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது "என்னால் முடியுமா?" என்று கேட்டால் "முடியாது" என்ற பதில் தயாராக நிற்கும். அந்த நேரத்துக்கு "இதில் எந்தப் பகுதியை என்னால் செய்ய முடியும்?" என்று கேட்பதுதான் சரி.

அப்புறம், பேர் சொல்லிக் கூப்பிடுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் கிராஸ் குழுவினர் 2014ல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடைப் பேச்சுக்குத் தயாராகும்போது "நான் ஏன் பயப்படுகிறேன்" என்று யோசித்தவர்களைவிட, தங்கள் பெயரைச் சொல்லியோ "நீ" என்றோ தங்களிடமே பேசிக்கொண்டவர்கள் குறைவாகக் கலங்கினார்கள், கேட்டவர்கள் கணக்கிலும் நன்றாகப் பேசினார்கள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், செய்து பாருங்கள். கலங்கி நிற்கும் தோழியிடம் யாரும் "நீ தைரியசாலி, உனக்குப் பயமே இல்லை" என்று சொல்வதில்லை. "சரி விடு, முதல்ல உட்காரு, இன்னைக்கு என்ன பண்ணணும் சொல்லு" என்றுதான் சொல்வோம். அடுத்தவருக்கு ஆறுதல் சொல்லும்போது நம் எல்லோருக்கும் சரியான வார்த்தை வருகிறது. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அந்த வாய் திறந்துகொள்கிறது. எனக்கே கூட்டத்தில் பேசுவதென்றால் இன்றும் வயிற்றைப் பிசையும், வெளியே நின்று என் பெயரைச் சொல்லி "நாலு பேர் முகத்தைப் பார், முதல் வரியை மட்டும் மெதுவாகச் சொல்" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே போவேன். என் அஃபர்மேஷன் மொத்தமே அவ்வளவுதான்.

பதற்றத்தைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முதலில் உடம்பில் நடக்கிறது, வார்த்தை பின்னால்தான் வருகிறது. இதயம் வேகமாக அடிக்கும்போது "நான் அமைதியாக இருக்கிறேன், அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னால் மனசு உடனே உடம்பைத் தொட்டுப் பார்த்து "இல்லையே" என்று சொல்லும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987ல் ஒரு சோதனை செய்தார்: வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று சொல்லி உட்காரவைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைக்கக் கூடாது என்று காவல் போட்டால், காவல்காரன் அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான். "பயம் இல்லை" என்ற வாக்கியத்திலும் பயம் என்ற சொல்தான் நூறு தடவை வருகிறது. அதனால் முதலில் மூச்சு: உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும், நாலு எண்ணி இழுத்து ஆறோ ஏழோ எண்ணி விடுங்கள், ஒரு சில நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தானாகக் குறைய ஆரம்பிக்கும், இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, உடம்பின் வயரிங். அதற்குப் பிறகு வாக்கியம்.

தேர்வு, மேடை மாதிரி விஷயங்களுக்கு வேறு ஒரு தந்திரம் இருக்கிறது. அலிசன் வுட் புரூக்ஸ் 2014ல் வெளியிட்ட ஆய்வில், பாடவும் பேசவும் கணக்குப் போடவும் போகும் முன்னால் தங்களை அமைதிப்படுத்த முயன்றவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் துடிக்கிறது. பேரை மட்டும் மாற்றுவது, ஓடும் வண்டியைத் திடீரென்று நிறுத்துவதைவிடச் சுலபம்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், இது உங்களுக்குப் பொருந்தலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். நூறு தடவை என்று எண்ணிச் சொல்கிறீர்கள். ஒரு நாள் தொண்ணூறில் நின்றுபோனால் என்ன ஆகும்? "இன்று ஏதோ கெட்டது நடக்கப்போகிறது" என்று தோன்றுகிறதா, வழியில் பாதி விட்டதை முடிக்கிறீர்களா? அப்படியென்றால் அந்த வாக்கியம் உங்களைத் தாங்கவில்லை, பதற்றம்தான் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சொன்னதால்தான் இன்று பிழைத்தேன் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தால், சொல்லாமலும் பிழைக்க முடியும் என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்காது. எண்ணச் சுழற்சி நோய் என்கிற ஓசிடி உள்ளவர்களுக்கு இது சீக்கிரமே சடங்காகிவிடும், அவர்களுக்கு நான் அஃபர்மேஷனைப் பரிந்துரைப்பதே இல்லை. மற்றவர்களுக்கும் எண்ணிக்கை வேண்டாம். வேண்டுமென்றே ஒரு நாள் சொல்லாமல் வேலைக்குப் போய்ப் பாருங்கள், அதுவே ஒரு நல்ல பயிற்சி.

தன்மதிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்குத் தட்டுப்பட்டது, வேலையில் பாராட்டு வந்த நாட்களில் வாக்கியம் "உண்மையாகத் தோன்றுகிறது", திட்டு வாங்கிய நாட்களில் "நடிப்பாகத் தோன்றுகிறது" என்று சொல்கிறீர்கள். ஜெனிஃபர் க்ராக்கர் என்ற உளவியலாளர் இதைத்தான் நிபந்தனைக்கு உட்பட்ட தன்மதிப்பு என்ற பெயரில் ஆராய்ந்தார். ஒருவருக்கு அது படிப்பில் கட்டப்பட்டிருக்கும், ஒருவருக்குத் தோற்றத்தில், ஒருவருக்கு மற்றவர்களின் ஒப்புதலில். கட்டிய இடம் ஆடினால் ஆளும் ஆடுவார். அந்த இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே "நான் மதிப்புள்ளவன்" என்று வண்ணம் பூசினால் மழைக்குத் தாங்காது.

இதற்கு எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்வது புகழ்ச்சி அல்ல, பரிவு. கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003ல் இருந்து எழுதிவரும் சுயபரிவு என்ற கருத்தில் மூன்று அம்சம் உண்டு: வலிக்கிறது என்று ஒத்துக்கொள்வது, இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று நினைவுபடுத்திக்கொள்வது, அந்த நேரத்தில் தன்னிடம் கனிவாக நடந்துகொள்வது. வாக்கியமாக்கினால்: "இது கஷ்டமாகத்தான் இருக்கிறது. திட்டு வாங்கிய எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும். இப்போது எனக்கு என்ன வேண்டும்?" இதில் நீங்கள் மற்றவரைவிட மேல் என்றும் இல்லை, கீழ் என்றும் இல்லை, ஜெயித்த நாளில் மட்டும் செல்லுபடியாகும் என்ற நிபந்தனையும் இல்லை. தன்னிடம் கனிவாக இருந்தால் சோம்பேறி ஆகிவிடுவேன் என்று பயப்படுபவர்கள் நிறைய. தன்னைச் சாட்டையால் அடித்துக்கொண்டு இத்தனை வருடம் ஓடியதில் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று மட்டும் அவர்களைக் கேட்பேன்.

இன்னொன்று, "நினைத்தால் நடக்கும், கேட்டால் பிரபஞ்சம் கொடுக்கும்" வகை அஃபர்மேஷன்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் எடை குறைப்புத் திட்டத்தில் இருந்த பெண்களிடம் செய்த ஆய்வில் (1991), ஒல்லியான எதிர்காலத்தை இனிமையாகக் கனவு கண்டவர்கள்தான் குறைவாக எடை இழந்தார்கள். கனவிலேயே சாப்பாடு முடிந்துவிட்டால் எழுந்து சமைக்க யாருக்கு மனம் வரும். அவர் சொல்லும் வழி, ஆசையைச் சொன்ன கையோடு உள்ளே இருக்கும் தடையையும் சொல்வது, பிறகு பீட்டர் கோல்விட்சர் சொன்ன "இப்படி ஆனால் இதைச் செய்வேன்" திட்டத்தை ஒட்டவைப்பது. "மேலாளர் கூப்பிட்டதும் நெஞ்சு அடித்தால், எழுந்திருக்கும் முன் ஒரு நீளமான மூச்சு விடுவேன்." இதுவும் அஃபர்மேஷன்தான் என்று நான் வாதாடுவேன், அலங்காரம் இல்லாத அஃபர்மேஷன்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. ஃபிலிப்பா லாலி குழுவினர் லண்டனில் செய்த ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. அது பழக்கம் ஒட்டிக்கொள்வதற்கான கணக்கு, பதற்றம் குறைவதற்கானது அல்ல. ஆனால் புது வாக்கியத்தைச் சொல்லும்போது உள்ளே சண்டை வருகிறதா இல்லையா என்பது முதல் நாளே தெரியும்.

சிகிச்சைக்கு இது மாற்று இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான நாட்கள் கட்டுப்படுத்த முடியாத கவலை, அதுவும் ஆறு மாதத்துக்கு மேல், தூக்கம் கெடுவது, மூச்சு முட்டும் அளவுக்குத் திடீர் பீதி, பயத்தால் போக வேண்டிய இடங்களைத் தவிர்ப்பது என்று இருந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். ஜிஏடி-7 என்று ஏழு கேள்வி உள்ள ஒரு படிவம் உண்டு, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 21 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவரிடம் காட்டிப் பேசுவது நல்லது. அறிதல் நடத்தைச் சிகிச்சை என்கிற சிபிடி பதற்றத்துக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட முறை, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் கெடுதல் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மட்டும் எதற்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவசியமே இல்லை. கண்ணாடியைப் பார்த்ததும் உங்கள் கண் முதலில் போவது கருவளையத்துக்கும் முகப்பருவுக்கும் என்றால், அங்கே நின்று மதிப்பைப் பற்றிப் பேசுவது எதிரியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல. சிலருக்குத் தன் கண்ணைப் பார்த்துப் பெயர் சொல்லிப் பேசுவது பிடித்திருக்கிறது, உங்களுக்கும் பிடித்தால் செய்யுங்கள். இல்லையென்றால் நாளைக்குக் காலையில் பல் துலக்கி முடித்ததும், செருப்பை மாட்டும் முன்னால், நாலு நீள மூச்சு விட்டுவிட்டு, "நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இருந்தாலும் கிளம்புகிறேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் கதவைத் திறங்கள். சாயங்காலம் வந்ததும், கிளம்பினேன் என்று தேதி போட்டு ஒரு வரி எழுதிவையுங்கள்.